இறுதியில் இன்னிசை

மூணு சுரம் ஒரே நேரத்துல கேட்டா காதுக்கு ஏன் இதமா இருக்குன்னு எனக்கு விளக்கின மனுஷனோட முகத்தை நான் ஆறு மாசம் கழிச்சுத்தான் பார்த்தேன். அதுவரைக்கும் அவர் எனக்கு வெறும் குரல்தான். நாங்க போற பாசஞ்சர் வண்டியில லேடீஸ் பெட்டிக்கும் ஆம்பளைங்க பெட்டிக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்பு இருக்கும். கூரை வரைக்கும் போகாது, மேல ஒரு முழம் காலியா கிடக்கும். அது வழியா பீடிப் புகை வரும், கட்சிச் சண்டை வரும், சீட்டாடறவங்க கூச்சல் வரும். அறுபதுகளோட கடைசியில அவர் குரலும் வர ஆரம்பிச்சுது.

நான் செவ்வாப்பேட்டையில ஏறி அம்பத்தூர்ல இறங்கறவ. ரேடியோவுக்குக் காயில் சுத்தற கம்பெனியில வேலை. தலைமுடி கனத்துக்கு இருக்கற செப்புக் கம்பியைச் சுத்தணும். ஒரு சுத்து தப்பினா முழுசையும் பிரிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, சோறாக்கி, புருஷனுக்கும் மாமியாருக்கும் எடுத்து வெச்சுட்டு, நாஷ்டாவை டப்பாவுல அடைச்சுக்கினு ஓடியாந்து ஏறுவேன். உக்கார்ந்ததும் கண்ணு சொக்கும். அந்த முக்கால் மணி நேரத் தூக்கம்தான் எனக்கு அன்னிக்குப் பூரா கிடைக்கற சொகம். அதுலயும் ஒருத்தர் வந்து "ச, க, ப"ன்னு ஆரம்பிச்சா கோவம் வருமா வராதா? "யாரு அது, காலங்காத்தால உயிரை வாங்கறது?"ன்னு தடுப்பைப் பார்த்துக் கத்தினேன்.  அந்தப் பக்கத்துல இருந்து, "மன்னிச்சுக்கங்கம்மா, கொஞ்சம் மெதுவா பேசறேன்"னு அவர் குரல். மெதுவா பேசினா இன்னும் பேஜாரு. இன்னா சொல்றாருன்னு காதைத் தீட்டிக்கினு கேக்கற மாதிரி ஆயிடுச்சு.

அவர் கோடம்பாக்கத்துல சினிமாப் பாட்டு ரெக்கார்டிங்குக்கு வயலின் வாசிக்கறவர். ரெண்டாவது வரிசை. திருவள்ளூர்ல குடியிருந்துக்கினு தெனமும் இந்த வண்டியில போவார். யாரோ ஒரு கிளார்க்கு, "சார், சினிமாப் பாட்டுல பின்னாடி ஒண்ணா கொய்யுனு வாசிக்கறீங்களே, அது இன்னா?"ன்னு கேட்டு வெச்சான். அன்னிக்குப் பிடிச்சுது இந்த ச-க-ப.

"நம்ம பாட்டு, ஒருத்தர் வரப்பு மேல நடந்து போற மாதிரி. பின்னாடி எத்தனை பேர் வந்தாலும் அவர் கால் வெச்ச இடத்துலயேதான் கால் வெப்பாங்க. இது வேற. மூணு பேர், மூணு வரப்பு. தனித்தனியா நடக்கறாங்க. ஆனா ஒருத்தர் நின்னா மத்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுடும்." இப்படிச் சொல்லிட்டு, கிளார்க்கை "ச" பிடிக்கச் சொன்னார். ஒரு ஃபிட்டரை "க". இன்னும் ரெண்டு பேரை "ப". மூணும் சேர்ந்து தடுப்புக்கு மேல வழியா வந்துச்சு பாருங்க, எங்க பெட்டியில பூ கட்டிக்கினு இருந்த அம்மா கையை நிறுத்திட்டாங்க. "இப்போ க-வை மட்டும் கொஞ்சம் இறக்குங்க"ன்னார். ஃபிட்டரு இறக்கினான். அவ்ளோதான், அதே சத்தம், ஆனா ஊட்டை விட்டு யாரோ கெளம்பிப் போன மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஏன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. ராத்திரி சரியா தூங்காதவளுக்கு எதுக்குத்தான் அழுகை வராது!

அதுல இருந்து தெனமும் பாடம்தான். நாங்க பாராட்டின பாராட்டு இருக்கே, அப்பப்பா. "ஆஹா", "பேஷ்", "இன்னா மூளைய்யா!" ஆம்பளைங்க திருவள்ளூர்லயே துண்டு போட்டு அவருக்கு ஜன்னலோரம் பிடிச்சு வெப்பாங்க. நாங்க இந்தப் பக்கத்துல இருந்து தடுப்புக்கு மேல முறுக்கு, வேர்க்கடலை, வேகவெச்ச சக்கரைவள்ளிக் கிழங்குன்னு பொட்டலம் பொட்டலமா தள்ளுவோம். கம்பெனியில சாப்பாட்டு வேளையில நான் மத்தவளுங்களுக்கு விளக்குவேன், பாதி தப்புத் தப்பா. ஊட்டுல சொன்னா புருஷன், "வண்டியில இன்னாதான் நடக்குது?"ன்னு சிரிப்பாரு.

ஒரு நாள் வண்டி செவ்வாப்பேட்டையிலயே நின்னுடுச்சு. எஞ்சின்ல ஏதோ கோளாறு. ஜனங்க எல்லாம் பிளாட்பாரத்துல இறங்கிட்டாங்க. குழாயில தண்ணி பிடிக்கப் போனேன். ஒல்லியா ஒரு ஆளு, கயிறு கட்டின வயலின் பொட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கினு, கை கழுவிக்கினு நின்னார். "கொஞ்சம் தள்ளிக்கறேன்மா"ன்னதும் குரல் தெரிஞ்சுடுச்சு. "சார், நீங்களா!"ன்னேன். "நீங்கதானே யாரு உயிரை வாங்கறதுன்னு கத்தினது?"ன்னார். என் குரலும் அவருக்குத் தெரியுது! வெக்கமா போச்சு.

அன்னிக்குத்தான் அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். காலண்டர் தாளோட பின்பக்கம், மூணு வரிசையா சுரம் எழுதியிருந்துச்சு. "இருபது வருஷமா மத்தவங்க எழுதிக் குடுத்ததைத்தான் வாசிக்கறேன். இது நானா எழுதினது. மூணு குரல். மூணு நிமிஷம்கூட வராது. வார்த்தை கிடையாது, லா லான்னு பாடினா போதும். மேல் குரல் பெண்கள்தான் பாடணும்."

"உங்க ரெக்கார்டிங் ஆளுங்களை விட்டுப் பாடச் சொல்றதுதானே?"

"அங்க யாருக்கும்மா நேரம்? மைக்கை நிறுத்தின உடனே அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடறாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். மூணும் சேர்ந்து எப்படி இருக்குன்னு ஒரே ஒரு தடவை காதால கேட்டுடணும்." அதைச் சொல்றப்போ அவர் என்னைப் பார்க்கலை, தாளைத்தான் பார்த்துக்கினு இருந்தார். நான் உடனே, "நாங்க பாடறோம் சார்"னு சொல்லிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? எவளையும் கேக்கலை.

லேடீஸ் பெட்டியில எட்டு பேரைச் சேர்த்தேன், என்னோட ஒம்போது. ஆனா ரயில்ல பொம்பளைங்க வாய் விட்டுப் பாடறதாவது! அந்தப் பக்கம் ஆம்பளைங்க கேப்பாங்களே. அவர் தடுப்புகிட்ட வாயை வெச்சு எங்க வரியைப் பாடிக் காட்டுவார். நாங்க உதட்டுக்குள்ளயே முணுமுணுத்துப் பழகுவோம். "வந்துச்சாம்மா?"ன்னு கேப்பார். நான் பலகையில ரெண்டு தட்டு தட்டுவேன். ஆம்பளைங்க மத்த ரெண்டு வரியையும் தொண்டை கிழியப் பாடிக்கினு வருவாங்க. ஆகக்கூடி மூணு குரலும் ஒரே வண்டியில தெனமும் போச்சு, அவர் காதுல மூணும் ஒண்ணா ஒரு நாளும் விழலை.

எங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். பஜனைன்னாலும் சரி, நாத்து நடறப்போன்னாலும் சரி, நம்ம ஊர்ல பத்து பேர் சேர்ந்தா பத்து பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம். பக்கத்துல இருக்கறவ தொண்டை எங்க போகுதோ நம்மளதும் அங்கயே ஓடும். "ஆம்பளைங்க பின்னாடி போயிடாதீங்கம்மா, உங்க வரப்பை விட்டு இறங்காதீங்க"ன்னு தெனமும் சொல்லுவார். ஒம்போது பேர் ஒட்டி உக்கார்ந்து, கையைக் கோத்துக்கினா வழி தவறாம வந்துச்சு.

எங்க பாடறதுன்னு பேச்சு வந்தப்போ ஆம்பளைங்க, "சாருக்கு ஒரு பாராட்டு விழா எடுத்துடலாம், அதுலயே பாடிடலாம்"னாங்க. நல்லதுதான். திருவள்ளூர்ல ஒரு பள்ளிக்கூட ஹாலு, ஞாயித்துக்கிழமை நாலு மணி. ரெண்டு நாள்ல நோட்டீஸ் அடிச்சு வந்துடுச்சு. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை ஏழு பேர், பொன்னாடை, பட்டம் வழங்குதல், நன்றியுரை. எல்லாத்துக்கும் அடியில சின்ன எழுத்துல, "இறுதியில் இன்னிசை". அதைப் பார்த்ததும் நான் இன்னா கேட்டிருக்கணும்? பாட்டை ஏன்யா கடைசியில வெச்சீங்கன்னு கேட்டிருக்கணும். நான் கேட்டது, "இத்தனை பேர்ல ஒரு பொம்பளை பேர்கூட இல்லையே, நாங்க கேக்கலையா, நாங்க ரசிக்கலையா?" தடுப்பைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டேன். கடைசியில நன்றியுரையை எனக்குக் குடுத்தாங்க.

விழா அன்னிக்குத் தலைவர் அஞ்சு மணிக்கு வந்தார். ஒவ்வொருத்தரும் "ரெண்டே வார்த்தை"ன்னு ஆரம்பிச்சாங்க. கிளார்க்கு, அவர் கடலைவிட ஆழமானவர்னான். ஃபிட்டரு, சாரோட ச-க-ப-வை நாட்டு நிலைமையோட ஒப்பிட்டுப் பேசினான். பட்டம் வேற குடுத்தாங்க, இசை விளக்க வள்ளல்னு. அவர் மேடையில பொன்னாடையோட, தாளை மடியில வெச்சுக்கினு உக்கார்ந்திருந்தார். ரெண்டு தடவை எங்க ஒம்போது பேர் பக்கம் பார்த்தார். என்னோட வந்த எட்டு பேருக்கும் ஊட்டுல கிடைச்ச அனுமதி ஆறே கால் வண்டி வரைக்கும்தான். அதை விட்டா அடுத்தது எட்டரைக்கு. இது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்.

ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ என்னைக் கூப்பிட்டாங்க. மைக்கைப் பிடிச்சேன். வாழ்க்கையிலயே மொதல் தடவை. நன்றி சொல்லிட்டு இறங்கியிருக்கலாம். நான் எங்க இறங்கினேன்? காயில் சுத்தறதைச் சொன்னேன், கண்ணு எரிச்சலைச் சொன்னேன், க-வை இறக்கினப்போ அழுததைச் சொன்னேன், அவர் இல்லாட்டி எங்க காது செவிட்டுக் காதாவே போயிருக்கும்னேன். ஜனங்க கை தட்டினாங்க. தட்டத் தட்ட எனக்கு வார்த்தை வந்துக்கினே இருந்துச்சு. பின்னாடி பெஞ்சில இருந்து பூக்கார அம்மா கையைக் கையை ஆட்டினாங்க. சபாஷ் சொல்றாங்கன்னு நெனைச்சு இன்னும் ரெண்டு நிமிஷம் பேசினேன். எங்காளுங்க ஒவ்வொருத்தரா எழுந்தாங்க. பாட வரிசை கட்டறாங்கன்னு நெனைச்சேன். நான் மேடையை விட்டு இறங்கறப்போ எட்டு பேரும் ஸ்டேஷனுக்கு ஓடியே போயிட்டாங்க.

"நான் ஒருத்தி பாடறேன் சார்"னேன். வேற இன்னா சொல்றது? அவர் தலையாட்டினார். பதினாலு ஆம்பளைங்க. கையைக் கோத்துக்க எனக்கு ஆளில்லை. மொதல் நாலு சுரம் சரியா பிடிச்சேன், சத்தியமா பிடிச்சேன். அஞ்சாவதுல என் தொண்டை சறுக்கி ஆம்பளைங்களோட கீழ் வரிக்கு ஓடிடுச்சு. என்னைப் பார்த்து நடு வரி பாடினவங்களும் கீழ் வரிக்கு வந்துட்டாங்க. ஆகமொத்தம் எல்லாரும் ஒரே பாட்டை, ஒரே சுருதியில, கணீர்னு பாடி முடிச்சோம். ஹாலே இடிஞ்சு விழற மாதிரி கைதட்டு. அவரும் எழுந்து கும்பிட்டார்.

திங்கக்கிழமை வண்டியில ஆம்பளைங்க, "பிரமாதமா முடிச்சுட்டோம் இல்ல!"ன்னு பேசிக்கினே வந்தாங்க. விழா எடுத்தாச்சு, கடமை முடிஞ்சுது. ஆவடி வர்றதுக்குள்ள சீட்டுக்கட்டை எடுத்துட்டாங்க. நான் தடுப்பு ஓரமா எழுந்து நின்னு, "சார், இன்னொரு நாள் வெச்சுக்கலாமா? ஒம்போது பேரும் வர்றோம்"னேன். அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள, "அதான் நல்லா நடந்துச்சேம்மா, இன்னும் இன்னா?"ன்னு கிளார்க்கு கேட்டான்.  அவர் அதுக்கு அப்புறமும் ரெண்டு வருஷம் எங்க கூடவே வந்தார். யார் இன்னா கேட்டாலும் விளக்கினார். தாளை மட்டும் வெளிய எடுக்கவே இல்லை.

அந்தத் திங்கக்கிழமை எனக்கு மனசு ஆறலை. "சார், நாலு சுரம் சரியாத்தானே பாடினேன். அஞ்சாவதுல ஏன் சார் அப்படி ஆச்சு?"ன்னு கேட்டேன்.  "உங்க மேல தப்பு இல்லம்மா. ஒத்தைக் குரலுக்கு எதிர்ல பதினாலு குரல் இருந்தா அதுங்க இழுத்துக்கும். காது எப்பவும் பெரிய சத்தத்துப் பக்கம்தான் சாயும்"னு, எப்பவும் போல நிதானமா, பச்சைக் குழந்தைக்கும் புரியற மாதிரி விளக்கினார். இத்தனை நாள்ல அவர் சொன்னதுல ஒரே தடவையில எனக்குப் புரிஞ்சது அதுதான். பெட்டியில யாரோ "ஆஹா"ன்னாங்க. நான் பலகையில ரெண்டு தட்டு தட்டிட்டு உக்கார்ந்தேன்.