சப்பாத்துக்கு அளவெடுத்த கால்

தெல்லிப்பழைப் பக்கம் எங்கள் தோட்டக் காணியில் மிதிவெடி எடுத்து முடித்துத் திருப்பித் தந்தார்கள். வெடி எடுக்கவும், வெடியில் கால் போனவர்களுக்குக் கால் செய்யவும் வெளிநாடு ஒன்றுதான் காசு கொடுத்தது. என் கணவருக்கும் அந்தக் காசில் புதுக் கால் கிடைத்தது. காணி வந்தது, காலும் வந்தது என்று வெங்காயம் நட்டோம்.

ஆனால் அந்தக் காலோடு அவரால் தோட்டத்தில் நிற்க முடியவில்லை. ஆளைப் பின்பக்கமாகச் சாய்த்தது. விழுவதும் எழும்புவதுமாக இருந்தார்.

"கால் செய்யிற இடத்திலை சொல்லுவமே?" என்றேன்.

"சும்மா தந்ததுக்குக் குறை சொல்லுறதோ? பேசாமல் இரும்."

எனக்கும் பயம்தான். இந்த வருடத்தோடு அந்த நாடு காசை நிறுத்தப்போகிறது என்று கதை அடிபட்டது. குறை சொன்னால் எங்களால்தான் நிறுத்தினார்கள் என்று ஆகிவிடுமோ? எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாடுகள் எப்படி யோசிக்கும் என்று எனக்கென்ன தெரியும்.

அந்த நாட்டு ஆட்கள் பார்க்க வருகிறார்கள், கால் போட்டவர்கள் எல்லாரும் கால் செய்யும் இடத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய சப்பாத்தை இவர் துடைத்துப் போட்டுக்கொண்டார். காலைப் பூட்டி அளவு பார்த்த நாளிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். நல்ல இடத்துக்கு வெறுங்காலோடு போகலாமா?

வந்திருந்த வெள்ளைக்கார அம்மா நடந்து காட்டச் சொன்னார். இவர் நேராக நடந்தார்.

"அவவுக்கு நல்ல சந்தோசமாம்," என்றார் மொழிபெயர்த்தவர். இவரும் சிரித்தார். இந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போய்த் திரும்பவும் விழப்போகிறாரே.

"உவர் தோட்டத்திலை விழுறார், தம்பி," என்று கால் செய்கிறவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் குந்தியிருந்து சப்பாத்தைப் பார்த்தார். "தோட்டத்துக்கும் இதோடையோ அண்ணை போறனீங்கள்?"

"விசரே உமக்கு? வெங்காயத்துக்கை ஆர் சப்பாத்தோடை இறங்கிறது?"

"அண்டைக்கு மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டு வந்தியள். நான் இதின்ரை குதி உயரத்துக்குத்தான் காலைப் பூட்டினன். சப்பாத்தைக் கழட்டினா ஆள் பின்னுக்குச் சரியாமல் என்ன செய்வார்?"

அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார்கள். அவர் சிரிக்கவில்லை.

"வேறை ஆக்களும் உப்பிடியோ எண்டு கேக்கிறா."

கதிரைகளில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அத்தனையும் பளபளத்த சப்பாத்துகள், குதி வைத்த நல்ல செருப்புகள்.

"எனக்கும் பின்னுக்குச் சரியிறதுதான்," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

வாய் திறந்ததுதான் திறந்தேன், காசை நிறுத்துவார்களா என்றும் கேட்டேன்.

"அது தன்ரை கையிலை இல்லையாம். இஞ்சை கண்டதை அங்கை போய்ச் சொல்லுறாவாம்."

தன் கையில் இல்லாததை இல்லை என்று சொன்னது எனக்குப் பிடித்தது. பயம் மட்டும் போகவில்லை.

கால் செய்கிறவர் கணுக்காலடியில் ஆணியைத் தளர்த்தித் திருப்பிப் பூட்டினார். இவர் வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நேராக நின்றார்.

"நடவுங்கோ பாப்பம்."

"நடக்கிறது இருக்கட்டும். வெங்காயத்துக்குத் தண்ணி மாறலாமோ?"

அன்று பின்னேரமே வாய்க்காலை வெட்டித் திருப்பிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினார். இந்தக் கால் தேய்ந்தால் அடுத்ததை யார் தருவார்கள் என்று யோசித்தபடி நான் வரம்பில் நின்றேன். அவர் விழவில்லை.