தம்பி ஏற்றிப்போனது உருளைக்கிழங்கு

அவளை எல்லாரும் தார்ப்பாய் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிகள் நிற்கும் திடலுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில், தார்ப்பாய் தைத்தே இரண்டு பெண்பிள்ளைகளைக் கரையேற்றியவள். புருஷன் போய்ச் சேர்ந்தபோது எடுத்த கோணி ஊசியை இன்னும் கீழே வைக்கவில்லை. கட்டைவிரல் நகம் கறுத்துச் சட்டி அடிபோல இருக்கும். லாரிக்குச் சட்டை தைக்கிற டெய்லரே, எனக்கொரு பட்டன் வைக்கமாட்டியா என்று டிரைவர்கள் சீண்டினால், உன் வயித்துக்குத் தார்ப்பாயே பத்தாது போடா என்பாள். வாயில் கடவுள் பேரும் கேலியும் மாறி மாறி வரும்.

அவளுக்கு ஒரே தம்பி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வருவான், அக்கா கையால் ஒரு வாய் சாப்பிடுவான், திரும்பிப் போவான். இரண்டு கரைக்கும் சண்டை மூண்டு பாலத்தை அடைத்த பிறகும் சுற்றுவழியாக வந்துகொண்டுதான் இருந்தான். வராதேடா என்று போனில் கெஞ்சினாள். "சண்டைன்னா சனம் சாப்பிடாதாக்கா?" என்று சிரித்தான்.

ஒரு சாயங்காலம் டீக்கடை டிவியில் எரிந்த லாரி ஒன்றைக் காட்டினார்கள். எதிரியின் ஆயுத வண்டி தகர்க்கப்பட்டது என்று கீழே எழுத்து ஓடியது. கடையில் இருந்த ஒருவர், நல்லா வேணும் என்றார். தார்ப்பாய் அக்கா அந்த லாரியின் மேலே பாதி கருகிக் கிடந்த தார்ப்பாயைப் பார்த்தாள். மூலையில் நீல ஒட்டு. போன மழைக்குத் தம்பி லாரிக்கு அவளே போட்டது. கடைக்காரருக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சத்தத்தைக் குறைத்தார். வேறு என்ன செய்வார், பாவம்.

பெரிய மகள் தன் போனில் அந்தப் பக்கத்துச் செய்தியைத் தேடி எடுத்தாள். அங்கேயும் அதே லாரிதான். பெண்களும் பிள்ளைகளும் போன பயணி வண்டியை எரித்துவிட்டார்கள் என்று ஒருத்தி அழுதுகொண்டே வாசித்தாள். இரண்டு பக்கத்துச் செய்தியிலும் ஒரு கிழங்குகூட இல்லை.

உடம்பையாவது கொடுங்கள் என்று ராணுவ முகாம் வாசலில் போய் நின்றாள். ஆயுதக்காரன் உடம்பைக் கொடுக்க உத்தரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனாள், அதே பதில்தான். அப்போதுதான் டிவியிலிருந்து ஒரு செய்திக்காரப் பெண் கொட்டகைக்கு வந்தாள். கெட்டவள் இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள்.

"அந்தப் பக்கத்துக்காரங்கதான் ஏமாத்தி, ஆயுதம் ஏத்தி உங்க தம்பிய அனுப்பினாங்கன்னு கேமரா முன்னாடி சொல்லுங்கம்மா. அதிகாரிகிட்ட நான் பேசுறேன். உடம்பு வந்துரும்."

அக்கா கடவுளிடம் கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தும் இவள் காதில் விழவில்லையோ என்னவோ.

கடைசியில் தன் தொழில் புத்தியைத்தான் கேட்டாள். தையல் எவ்வளவு தளர்ந்து ஓடினாலும் முடிகிற இடத்தில் முடிச்சு இறுக்கமாக விழுந்தால் போதும், பிரியாது. அதனால் அவர்கள் கேட்டதையெல்லாம் முதலில் சொன்னாள். முடிக்கும்போது நெஞ்சில் கைவைத்து, "ஆனா அவன் ஏத்திட்டு வந்தது உருளைக்கிழங்குதான். என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றாள். செய்திக்காரப் பெண் தலையாட்டினாள். அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது.

டிவியில் அவள் பேச்சு அந்த 'ஆனா'வுக்கு முன்னாலேயே நின்றுபோயிற்று. முடிச்சை அப்படியே கத்தரித்துவிட்டார்கள்.

உடம்பு வந்தது. பிளாஸ்டிக் உறையில் கரிக்கட்டையாக வந்தது. இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த தெருக்காரர்களெல்லாம் அடக்கத்துக்கு வந்தார்கள். எதிரியின் கள்ளத்தனத்தை நாட்டுக்கே சொன்ன பொம்பளை என்று அவளைப் புகழ்ந்தார்கள். தம்பியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மண்ணைப் பார்த்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி. எதிரியிடம் விலைபோன குடும்பம் என்று அவர்கள் டிவியிலும் அக்காவின் பேச்சைப் போட்டிருக்கிறார்கள். வீட்டின் மேல் கல் விழுகிறது, பிள்ளைகளோடு கிளம்பிக்கொண்டிருக்கிறேன், எங்கே போவதென்று தெரியவில்லை என்றாள்.

"நீங்களாக்கா அப்படிச் சொன்னீங்க?"

"நான்தான்மா சொன்னேன். அவன வாங்குறதுக்காகச் சொன்னேன்."

அந்தப் பக்கம் அவள் பிள்ளையைச் செருப்புப் போடச் சொல்வது கேட்டது.

"முகமாவது பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்மா. தூங்குற மாதிரிதான் இருந்தான்."

எந்தச் சின்னப் பொய்க்கும் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறவள், இதற்குக் கேட்கவில்லை.