வெள்ளையம்மாளின் வயிறு

சங்கையா ராஜபாளையத்தில் நாய் வளர்த்து விற்பவர். எங்களுக்குப் பக்கத்து வீடு. நாயைத் தவிர ஊரில் யாரையும் மதிக்க மாட்டார். அவர் பேசினால் எனக்கு எரிச்சல் வரும், பேசாவிட்டால் பொழுது போகாது.

போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டி விழுந்தார். டாக்டரிடம் காட்டினால் பிரஷர் எகிறிக் கிடந்தது.

"உப்பைக் கொறைக்கணும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் ஆகாது. இல்லேன்னா அடுத்த தடவை கை, கால் விழுந்துரும்" என்றார் டாக்டர். சங்கையா நன்றாகத் தலையை ஆட்டினார். தலையாட்ட உப்பு வேண்டாமே. கூடப் போன நான்தான் மாத்திரை வாங்கி வந்தேன்.

அவர் மனைவி செல்லத்தாய் காரியக்காரி. நாய்க்கு உப்புப் போட்டால் முடி கொட்டும் என்று சங்கையா கல்யாணமான நாளிலிருந்தே தனி உலை வைக்கச் சொல்லியிருந்தார். அந்த உலையிலேயே அவள் அவருக்கும் சேர்த்து அரிசியைப் போட்டாள்.

சங்கையாவுக்கு வந்ததே கோபம். "ஏட்டி, நாய் உலையிலயா எனக்குச் சோறு?"

"நாய்க்கு உப்பு ஆகாதுன்னு நீங்கதான சொன்னிய. இப்ப ஒங்களுக்கும் ஆகாதாம். ரெண்டு உலை எதுக்கு?"

மறுநாளிலிருந்து அவர் சண்டை போடவில்லை. "நாய்ககூட உக்காந்தாத்தான் எனக்குச் சோறு எறங்குது" என்று தட்டோடு கொல்லைக்குப் போனார். தட்டு வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தது. செல்லத்தாய்க்கு மனசு குளிர்ந்தது. வழித்தது வெள்ளையம்மா என்கிற பெட்டை நாய். ஐயா அப்புறம் காலாறக் கடைத்தெருவுக்கு நடந்து போய், புரோட்டாவைச் சால்னாவில் முக்கி அடித்துவிட்டு வருவார். ஒரு நாள் என் கண்ணில் பட்டார்.

"வீட்ல மூச்சு விட்றாதய்யா" என்றார். அவர் வாங்கிக் கொடுத்த ஆம்லெட் வாயில் இருந்ததால் நானும் பேசவில்லை.

ராஜபாளையம் நாய்க்கு இடுப்பு ஒட்டி இருக்க வேண்டும். சித்திரைக்குள் வெள்ளையம்மாளுக்கு வயிறு தொங்கிவிட்டது. "குட்டி உண்டாயிருக்கா போல" என்று செல்லத்தாய் பூரித்துப் போனாள். "ஆமா, சினைதான்" என்று சங்கையா கூசாமல் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் சோற்றையே நாய் வயிற்றில் மறைத்தார். அதோடு விட்டாளா அவள்? கால்நடை டாக்டர் இம்மானுவேலிடம் காட்டியே ஆக வேண்டும் என்று ஆட்டோ பிடித்து அவரையும் ஏற்றினாள். நாயைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன்.

இம்மானுவேல் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "குட்டியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அம்புட்டும் சோறு. ரெண்டாள் பங்கைத் திங்குது. யாரு போடுதா?"

செல்லத்தாய் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"நாய் செத்தா அழுதுட்டு இன்னொரு குட்டிய எடுத்துருவிய. நீங்க விழுந்துட்டா நான் யாரப் போய் எடுக்க?"

குரல் உடைந்துவிட்டது.

சங்கையா ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. விழுங்கினார். வெள்ளையம்மா வழக்கம்போலத் தட்டுக்குள் மூக்கை நீட்டியது.

"ஏட்டி, அங்கிட்டுப் போ" என்று தட்டை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது என் சோறு."