டைமிங் பெல்ட்டுக்குச் சாமி உத்தரவு

எங்கள் அப்பாவுக்கு இரண்டு விஷயங்களில் பிடிவாதம் உண்டு. சாம்பாரில் முருங்கைக்காய் கிடக்கக்கூடாது; ஓடுகிற எஞ்சினைத் திறக்கக்கூடாது. முதலாவதை அம்மா எப்படியோ வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டாவதில்தான் வீடு இரண்டுபட்டது.

அப்பா ஒத்தக்கடையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். இருந்தது ஒரே வண்டி, வெள்ளை டீசல் கார். எங்கள் கைக்கு வரும்போதே பல ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தது அது. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் என்றோ செத்துப்போயிருந்தது. மொத்தம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று வண்டியை உண்டாக்கியவனுக்கே தெரியாது. ஆனாலும் காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பிவிடும். கிளம்பியதும் அப்பா, நான் ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்டதுபோல், தெருவையே ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த ஆவணியில் அம்மா நிறைமாதமாக இருந்தாள். முகூர்த்தக் காலம் வேறு, வண்டிக்கு ஓய்வே இல்லை. சிம்மக்கல் ஷெட்டுக்கு ஆயில் மாற்றப் போனபோது நானும் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். அங்கே மெக்கானிக் பெரியப்பா பானெட்டுக்குள் தலையை விட்டபடியே, எஞ்சினைத் தாளம் தப்பாமல் சுற்றவைக்கிற டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. வண்டியை விற்றவர் எல்லாம் மாற்றியாச்சு என்றுதான் சொல்லியிருந்தார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்!

"அது சொல்லிக்கிட்டு அறாது தம்பி. போற போக்குல பட்டுனு அறுந்துரும். வால்வு போயி பிஸ்டன்ல இடிச்சுச்சுன்னா அம்புட்டுத்தான், எஞ்சினே போச்சு" என்றார் அவர்.

"சத்தம் இருக்கா? புகை இருக்கா? நல்லா ஓடுற வண்டியில எதுக்குண்ணே கைய வைக்கணும்?" என்றார் அப்பா.

அப்பா சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவ்வளவு ஓடிய எஞ்சினை ஒரு தடவை திறந்தால் பெல்ட்டோடு விடாது. வாட்டர் பம்ப் கேட்கும், ஆயில் சீல் கேட்கும், வண்டி ஷெட்டிலேயே படுத்துவிடும், பேசி வைத்த கல்யாண வாடகையெல்லாம் கைமாறிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வண்டி எஞ்சினில் ஸ்பானர் பட்டதே இல்லை என்று கார் ஸ்டாண்டில் அவர் அடிக்காத தம்பட்டம் இல்லை.

ஷெட்டில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தது நான்தான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். "நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா உங்க வாடகைக்காரரு பஸ் ஏறிப் போயிருவாரு. நான் வலியோட எந்த பஸ்ல ஏறட்டும்?"

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று அப்பா முணுமுணுத்தார். அன்றிலிருந்து அம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆறிப்போகிற சோறு முதல் தீர்ந்துபோன சிலிண்டர் வரை எல்லாச் செய்தியும் என் வழியாகத்தான் போய் வந்தது. அந்தப் பதவி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ராத்திரி படுத்தால் மட்டும், அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்பது கண்ணுக்குள் வந்து பயமாக இருக்கும்.

கடைசியில் ஒரு நாள் அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். "சாமிகிட்டயே கேட்டுருவோம்."

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று மனசு தடுமாறினால் குலசாமி முன்னால் பொட்டலம் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றில் திருநீறு, ஒன்றில் குங்குமம். கள்ளமில்லாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். திருநீறு வந்தால் பெல்ட்டை உடனே மாற்றுவது, குங்குமம் வந்தால் முகூர்த்தம் முடிகிறவரை தொடுவதில்லை என்று அப்பா அம்மாவுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். நிறைமாதக்காரி கோயிலுக்கு வரக்கூடாது என்பதால் அம்மா வரவில்லை. கள்ளமில்லாத பிள்ளையாக நான் போனேன். ஒப்பித்த கதையெல்லாம் சாமிக்குத் தெரியாது என்று ஒரு நம்பிக்கைதான்.

குலசாமி கோயில் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் இருந்தது. அப்பா பூசாரியைக்கூடப் பொட்டலம் கட்ட விடவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தாளைக் கிழித்து, அவரே பொட்டலம் மடித்தார். பூசாரி அவற்றைச் சாமி காலடியில் போட்டார். சாமி, அம்மா பாவம், திருநீறே வரட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

திருநீறு!

அப்பா முகம் வாடும் என்று பார்த்தேன். அவரோ பெருமூச்சு விட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமியே சொல்லிருச்சு, இனி நாம என்ன செய்ய" என்றார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட வேண்டும். அதை என்னிடம் கொடுத்துக் கண்மாயில் போடச் சொன்னார். கண்மாயில் ஏது தண்ணீர்? ஆடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் கண்ட இடத்தில் விடலாம் என்று பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தேன்.

மறுநாளே வண்டி ஷெட்டுக்குப் போனது. கழற்றிய பெல்ட்டைப் பெரியப்பா பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். உள்ளே முழுக்க வெடிப்பு, பல் ஒன்று பிய்ந்து தொங்கியது. அப்பா அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். பம்பும் கசிந்ததால் அதையும் மாற்றினார்கள். இரண்டு கல்யாண வாடகை கைமாறிப் போனது. ஸ்டாண்டில், என்ன மாப்ள, எஞ்சினைத் திறந்துட்டீகளாமே என்று சீண்டியவர்களிடம் அப்பா சாமி உத்தரவு என்றார். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

ஒரு விடியற்காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. ஒரே சாவித் திருப்பல்தான். யானைமலை பின்னால் போக, வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசல் வரை ஓடியது. வெயில் ஏறுவதற்குள் தம்பி பிறந்துவிட்டான்.

மறுநாள் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து படம் வரைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது பொட்டலம் ஞாபகம் வந்தது. தண்ணீரில் விட மறந்த கதையைச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பிரித்தாள். உள்ளே திருநீறு.

"அம்மா, இதுலயும் திருநீறு! சாமி அம்புட்டு உறுதியாச் சொல்லிருக்கும்மா!"

அம்மா என்னையே பார்த்தாள். "பொட்டலம் யாரு கட்டுனது?"

"அப்பாதான்."

ஜன்னலுக்கு வெளியே அப்பா வண்டியைத் துடைத்தபடி வாட்ச்மேனிடம் சாமி உத்தரவைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்துத் தம்பி நெற்றியில் வைத்துவிட்டு, "அப்பாகிட்டச் சொல்லிராத. சாமி கோவிச்சுக்கும்" என்றாள்.

சாமிக்குப் பயந்து பல வருஷம் நான் வாயே திறக்கவில்லை. அம்மா சொன்ன சாமி ஜன்னலுக்கு வெளியே பானெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றது எனக்கு அப்போது விளங்கவில்லை.