பொட்டு இல்லாத மிஷின்

போன வருடம், சம்பா அறுவடை முடிந்த சமயம். உத்திரமேரூர் கடைத்தெருவில் நானும் என் கணவரும் பம்ப்செட் கடை நடத்துகிறோம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கியில் ஏறியதும் சுற்றுப்பட்டு விவசாயிகள் மோட்டார் வாங்க வருவார்கள்.

ஆயுத பூஜை வந்தால் என் கணவருக்குக் கை நிற்காது. ஸ்பானர், ஃபேன், கடைசியில் கார்டு தேய்க்கிற மிஷினுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். சந்தனம் பட்டன் இடுக்கில் இறங்கி, துடைத்தும் போகவில்லை. “அப்படியே எனக்கும் ஒண்ணு வெச்சிடுங்க” என்று கத்தினேன்.

பூஜை முடிந்து சில மாதம் கழித்து, அறுவடைப் பணம் வந்த அந்த நாளில் கடையில் நல்ல கூட்டம். இவர் பின்னால் குடோனில் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்து, பேங்கிலிருந்து வருவதாகவும் மிஷினை அப்டேட் செய்யவேண்டும் என்றும் சொன்னார். நானும் எடுத்துக் கொடுத்தேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்! பைக்குள் வைத்து ஏதோ செய்தவர், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் எங்கள் பழைய வாடிக்கையாளர், புள்ளலூர் விவசாயி. எங்கள் பக்கத்தில் பலரும் கார்டைக் கையில் கொடுத்து, ரகசிய பின் நம்பரையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்கள். அவரும் அப்படித்தான்.

“நீயே போட்டுக்கோ தங்கச்சி. பொண்ணு கல்யாணத் துட்டும் இதுலதான் கீது, பாத்துப் போடு.”

கார்டைச் செருகப் போனேன். மிஷின் பளபளவென்று இருந்தது. பொட்டைக் காணோம்.

“ஏங்க, மிஷினைத் தொடச்சிங்களா?”

“நான் இன்னாத்துக்குத் தொடைக்கப் போறேன்?” என்று குடோனிலிருந்து குரல் வந்தது.

கார்டை விவசாயியின் கையிலேயே திணித்துவிட்டு பேங்க்குக்கு போன் போட்டேன். மிஷின் அடியில் இருந்த எண்ணைப் படித்ததும், அது தங்களுடையதே இல்லை, ஆளும் அனுப்பவில்லை என்றார்கள். கார்டு விவரத்தைத் திருடும் போலி மிஷினாம். யார் கார்டையாவது தேய்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி!

போலியைப் போலீசில் கொடுத்தோம். பேங்க் பழைய மிஷினை முடக்கி, புதிது தந்தது. அடுத்த முறை வந்த விவசாயி, “நம்பரை மாத்திட்டேன் தங்கச்சி, புதுசு இன்னான்னா...” என்று ஆரம்பித்தார். அவர் வாயைப் பொத்தாத குறைதான். மிஷினை அவர் பக்கம் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தடவித் தடவி அவரே அழுத்தினார்.

புது மிஷினுக்குப் பொட்டு வைத்தது நான்தான். தினமும் கடை திறந்ததும் அதைப் பார்க்கும்போது, அந்த விவசாயியின் மகள் கல்யாணத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டது நினைவுக்கு வந்து மனசு லேசாகிவிடுகிறது.