செவ்வாய்க்கிழமைக் கண்ணாடி

சிம்லாவில் ஜாக்கூ அனுமார் கோயிலுக்கு ஏறுகிற செங்குத்துப் பாதையில், கடைசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே, தேவதாரு மரத்தடியில் ரேஷ்மோவின் கடை. கைத்தடி வாடகைக்கு, கடலைப் பொட்டலம் விலைக்கு, புத்திமதி இலவசம். அந்தப் புத்திமதியும் ஒன்றே ஒன்றுதான்: கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். டில்லியிலிருந்தும் லூதியானாவிலிருந்தும் வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே மேலே போவார்கள். சற்று நேரத்தில் காற்றைத் துழாவிக்கொண்டே கீழே வருவார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி, அந்த வளைவு வந்தால் சிம்லாக்காரன் கை தானாக மூக்குக்குப் போய்விடும். மறந்தவன் எவனும் அந்த ஊரில் பிறந்தவனாக இருக்க முடியாது.

மேலே குரங்குகளிடம் பறிபோனதை மீட்பது ரேஷ்மோவின் கைவரிசை. குரங்கைத் துரத்தக்கூடாது, கெஞ்சக்கூடாது, ஏறெடுத்தும் பார்க்கக்கூடாது என்பாள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டு, ருசியில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மரத்து மேலே இருப்பவருக்குப் பொறாமை தாங்காது. பிடித்திருந்ததைக் கீழே போட்டுவிட்டுக் கடலைக்கு வந்துவிடுவார். பொய்ப்பல் செட்டு, கைப்பேசி, தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளையின் டோப்பா என்று அவள் மீட்டுத் தராதது இல்லை. டோப்பா விஷயம் மணப்பெண்ணுக்கே அன்றுதான் தெரிய வந்தது. அவர்கள் இருவரும் ஒன்றாகத்தான் கீழே இறங்கிப் போனார்கள், ஆனால் பேசிக்கொண்டு போகவில்லை.

ரோஹ்ரு பக்கத்து ஆப்பிள் கிராமத்தில் பிறந்தவள் அவள். லக்கர் பஜாரில் கைத்தடி கடைகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவன் நல்லவன், ஆயுசுதான் கெட்டி இல்லை. காரியம் முடிந்ததும் அண்ணன் மேஹர்சந்த் ஊருக்குக் கூப்பிட்டான். புருஷன் கடைந்து வைத்துவிட்டுப் போன தடிகளை யார் விற்பது என்று கேட்டுவிட்டு, இந்த மரத்தடியில் வந்து உட்கார்ந்தவள்தான். அந்தத் தடிகள் எல்லாம் தேய்ந்து, வேறு தடிகளும் வந்தாயிற்று. ரேஷ்மோவுக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

அந்தப் பனிக்காலத்தில் அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான். தோட்டத்து வீட்டில் புதிதாக ஓர் அறை கட்டியிருப்பதாகவும், வெயில் நேராகக் கட்டிலில் விழும் என்றும் சொன்னான். முழங்கால் வலித்த ஒரு நாளில் அவளும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். ஆப்பிள் மரம் பூத்ததும் ஒரு புதன்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

சரி என்று சொன்னதற்குப் பிறகுதான் செவ்வாய்க்கிழமைகள் முளைத்தன.

பாலக்ராம் பொம்மை ரயிலில் கார்டு. கல்காவிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி வருகிற அந்தக் குட்டி ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டுகிறவர். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். கேட்டால் கூச்சம் விடவில்லை என்பார்கள். செவ்வாய் அவருக்கு ஓய்வு நாள், அனுமாருக்கும் உகந்த நாள். ஒரு செவ்வாய் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வளைவில் ஏறினார். கண்ணாடி போயிற்று. ரேஷ்மோ மீட்டுக் கொடுத்தாள். அடுத்த செவ்வாயும் போயிற்று. அதற்கடுத்த செவ்வாயும்.

பறித்தது ஒவ்வொரு தடவையும் ஒரே ஆசாமிதான். தடித்த கிழட்டுக் கடுவன், நடையில் அதிகார மிடுக்கு இருந்ததால் எல்லோரும் அதைத் தானேதார், அதாவது இன்ஸ்பெக்டர், என்றே கூப்பிட்டார்கள்.

சிம்லாவின் சம்மர்ஹில்லிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் வாராவாரம் கண்ணாடியைப் பறிகொடுப்பதைப் பார்த்து ஊரே சிரித்தது. ரேஷ்மோ திட்டினாள். இனிமேல் மூக்கில் ஆணியடித்துக்கொண்டு வாருங்கள் என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மறந்துபோச்சு என்பார். மீட்டுக் கொடுத்த பிறகு ஒரு டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்திருப்பார். எந்தச் சுரங்கத்துக்குள் எந்தப் பயணி பயந்து கத்தினார், தாராதேவிக்கு அருகே எந்த மாடு தண்டவாளத்தை விட்டு நகர மறுத்தது என்று ஏதாவது சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவள் மட்டும் திங்கட்கிழமை சாயங்காலமே பச்சைத் தலைத்துணியைத் துவைத்துக் காயப்போட ஆரம்பித்தாள்.

பக்கத்தில் சித்து என்கிற அவித்த ரொட்டியை நெய் ஊற்றி விற்கிற பிம்லா கண்ணில் எதுவும் தப்பாது. "ஏண்டி, புதன்கிழமை வர்ற கூட்டத்துக்குத் தலையில கிழிஞ்ச துணி போதும், செவ்வாய்க்கு மட்டும் பட்டா? அனுமார் பிரம்மச்சாரி, ஞாபகம் வச்சுக்க" என்றாள். ரேஷ்மோவுக்குக் காது சிவந்தது. குரங்குகளுக்குப் பச்சை பிடிக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள்.

ஆனால் ஒரு முட்டாள் மனிதரின் மறதியை நம்பி ஊரில் தங்கிவிட முடியுமா? அண்ணன் கேட்டால் என்ன சொல்வது? அவர் வருவது அனுமாருக்காகவா தனக்காகவா என்பது தெரிந்தால் போதும். அதுதான் தெரியவில்லை. அதற்குள் ஆப்பிள் பூத்துவிட்டது. நாளை புதன், அண்ணன் வருகிறான்.

அந்தச் செவ்வாயும் தானேதார் தன் கடமையைச் செய்தது. ரேஷ்மோ கண்ணாடியை மீட்டுத் தலைத்துணியால் துடைத்தாள். கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஏதோ ஞாபகத்தில், அதைத் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டாள்.

உலகம் அப்படியே இருந்தது. பெரிதாகவும் இல்லை, மங்கவும் இல்லை. வெறும் கண்ணாடி.

உட்கார்ந்தவாறே, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, கீழே ரிட்ஜ் மைதானத்தில் என்ன கூட்டம் என்று கேட்டாள். மரங்களுக்கு இடையில் ரிட்ஜ் ஒரு கைக்குட்டை அளவுதான் தெரியும்.

பாலக்ராம் எட்டிப் பார்த்தார். "குதிரைக்காரன்கிட்ட ஒரு அம்மா சண்டை போடுது. சிவப்பு ஸ்வெட்டர். குதிரை அந்தம்மா பையில இருந்து எதையோ தின்னுட்டிருக்கு."

சொன்ன பிறகுதான் அவள் மூக்கில் இருப்பதைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும். அவர் முகம் சர்ச்சுக் கண்ணாடி மாதிரி பல நிறம் காட்டியது.

"நல்ல கண்ணு கார்டு பாபு" என்றாள் ரேஷ்மோ.

"ரயில்வேயில கண்ணு நல்லா இருந்தாத்தான் கொடி கொடுப்பாங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "இது மால்ரோடுல வாங்கினது. வேற என்ன சாக்குச் சொல்லி இங்க வந்து உக்கார்றதுன்னு எனக்குத் தெரியல."

பிம்லாவின் கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்த சத்தம் கேட்டது. ரேஷ்மோவுக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பாதையில் மேலே போகிற அத்தனை பேருக்கும் தடியை இலவசமாகக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் குரலை இறுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு எங்கண்ணன் வர்றான், என்னை ஒரேயடியா ஊருக்குக் கூட்டிட்டுப் போக. என்கிட்ட கண்ணாடியக் காட்டிப் பேசினது போதும். அவன்கிட்ட வாயத் திறந்து பேச முடியுமா?"

நாளை தனக்கு வண்டியில் வேலை என்று சொல்ல வாயெடுத்தவர், அதை விழுங்கிவிட்டு, வருகிறேன் என்றார்.

மேஹர்சந்த் மறுநாள் மத்தியானம் வந்தான். தடித்த கண்ணாடி, தலையில் சிவப்புப் பட்டை வைத்த குல்லா. கண்ணாடியைக் கழற்றச் சொன்ன தங்கையைப் பார்த்துச் சிரித்தான். தன் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கிற குரங்கு இல்லை என்றும், கவணை எடுத்தால் மூன்று மலை தாண்டி ஓடும் என்றும் பெருமை பேசிக்கொண்டே, சாமி கும்பிட்டு வருகிறேன் என்று மேலே போனான். சொன்ன வாய் மூடுமுன் கண்ணாடி வளைவோரத்து மரத்தில், தானேதார் கையில் இருந்தது.

பிம்லா அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். அந்த நேரம் பார்த்து பாலக்ராம் வந்து சேர்ந்தார். சகாவிடம் வேலையை மாற்றிக்கொண்டு, சலவை செய்த சீருடையில், கழுத்துப் பித்தானைக்கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரேஷ்மோ அண்ணனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

மேஹர்சந்த் கண்ணை இடுக்கினான். "ஆளு எங்க? எனக்கு ஒரு தூண்தான் தெரியுது. கண்ணாடி இல்லாம நான் எப்படி மாப்பிள்ளை பாக்குறது?"

ரேஷ்மோ கடலையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணன் தடுத்தான். அவ்வளவு ஆசை இருக்கிறவன் தானே போய் எடுத்துவரட்டும் என்றான். ரேஷ்மோ பாலக்ராமைப் பார்த்தாள். நாலு மாதமாகக் கண்ணாடியைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவர் என்று ஊர் சொன்ன மனிதர். கோயிலுக்கு ஏறுகிறவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

பாலக்ராம் மரத்தடிக்குப் போனார். முதுகைத் திருப்பவில்லை, கடலையும் தின்னவில்லை. சும்மா உள்ளங்கையை நீட்டினார்.

தானேதார் கிளையிலிருந்து நிதானமாக இறங்கி வந்தது. மேஹர்சந்தின் கண்ணாடியை அவர் கையில் வைத்தது. பிறகு தன் கையை நீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தது.

பாலக்ராம் அசையாமல் நின்றார். தானேதாருக்குப் பொறுமை போயிற்று. அவர் கால்சட்டையின் வலதுபக்கப் பையில் உரிமையோடு கையை விட்டு, அங்கிருந்த கடலைப் பொட்டலத்தை எடுத்து, பிரித்துத் தின்ன ஆரம்பித்தது. பொட்டலம் எங்கே இருக்கும் என்பதுவரை அதற்குத் தெரிந்திருந்தது. குட்டு உடைந்தது.

"அடப்பாவி மனுஷா" என்றாள் பிம்லா. "குரங்கைக் கூலிக்கு வச்சிருக்காரு."

பாதை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தடி பிடித்திருந்தவர்கள் தடியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ரேஷ்மோ மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இவ்வளவு நாள் சாமர்த்தியம் முழுவதும், செவ்வாய்க்கிழமைகளைப் பொறுத்தவரை, முன்கூட்டியே கூலி பேசிவிட்ட ஒரு குரங்கிடம் நடந்த நாடகம். கோபம் வரவேண்டும், வரவே இல்லை.

மேஹர்சந்த் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பாலக்ராமை மேலிருந்து கீழாகப் பார்த்தான். குரங்கையும் பார்த்தான். தங்கையின் பச்சைத் தலைத்துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஒரு குரங்க விரட்ட நாங்க குடும்பத்தோட கவண் தூக்கிட்டு அலையறோம். இவன் குரங்கையே வேலைக்கு வச்சிருக்கான். இவனுக்குக் கொடுக்காம வேற எவனுக்குக் கொடுக்குறது?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ரூம்ல ஆப்பிள் பெட்டி அடுக்கிக்கிறேன், நீ கவலைப்படாத" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதைத் திரும்ப மாட்டாமல் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த செவ்வாய் பாலக்ராம் வெறும் முகத்தோடு வந்து கடையில் உட்கார்ந்தார். இனி சாக்கு வேண்டியதில்லை. பேசவும் வந்தது, பிம்லா போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசினார். வளைவில் தானேதார் மட்டும் வேலையில்லாமல் உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது.

ரேஷ்மோவுக்கு மனசு கேட்கவில்லை. மால்ரோடு கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். முழங்கால் வலியை மறந்து விறுவிறுவென்று வளைவுக்கு ஏறினாள். பாலக்ராம் எங்கே போகிறாய் என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணாடி தொலைக்கப் போறேன். நீங்க வந்து மீட்டுக் கொடுங்க" என்றாள்.