ராங் சைடில் போகாதவள்

எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் இடது பக்கம்தான் திரும்ப முடியும். நடுவில் தடுப்புச்சுவர். காய்கறிக் கடை, மருந்துக் கடை, மாவுக் கடை எல்லாம் வலது பக்கம், கூப்பிடு தூரத்தில். செம்பாக்கத்தில் என்னைத் தவிர அத்தனை பேரும் வண்டியை வலது பக்கம் ஒடித்து, ஓரமாகவே ஊர்ந்து போய் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் இடது பக்கம் போய், ஒரு யூ டர்ன் போட்டு, எதிர்ச்சாரியில் அந்தக் கடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய், இன்னொரு யூ டர்ன் போட்டுத் திரும்பி வந்து ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்குவேன். நடந்து போகலாமே என்று கேட்பவர்கள் எங்கள் ரோட்டில் நடந்து பார்க்காதவர்கள். நடைபாதை இருந்த இடத்தில் இப்போது டிபன் கடை இருக்கிறது.

இதை வைத்து என் கணவர் என்னை ஓட்டாத நாள் கிடையாது. பக்கத்துக் கடைக்குப் போக நான் திருநீர்மலையைப் பிரதட்சிணம் செய்துவிட்டு வருகிறேன் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். நான் வெளியே இருக்கும்போது போன் செய்தால் எங்கே இருக்கிறாய் என்று கேட்கமாட்டார், எத்தனையாவது யூ டர்ன் என்றுதான் கேட்பார். அபார்ட்மெண்டில் எனக்கு 'யூ டர்ன் அக்கா' என்று பெயர் வந்ததற்கும் இந்த மனுஷன்தான் காரணம். கேட்டால் சத்தியமாக நானில்லை என்பார்.

நான் ஒன்றும் பெரிய யோக்கியசிகாமணி இல்லை. கோயிலில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு மறுபடி வரிசையில் நின்றிருக்கிறேன். பிடிக்காதவர்கள் போன் செய்தால் உடனே மீட்டிங்கில் இருப்பேன். பள்ளியில் கணக்கு டீச்சருக்கு அப்படி என்ன மீட்டிங் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம். அதற்கும் சட்டம், ஒழுங்கு என்று பெரிய காரணமெல்லாம் கிடையாது. ராங் சைடில் வருகிறவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தப்பு அவனுடையது, முறைப்பு நம் மேல். ஒரு நாள் நேர் வழியில் போய்க்கொண்டிருந்த என்னை எதிரே வந்த ஆட்டோக்காரர் மறித்து, "இன்னாக்கா, குறுக்கால வந்துகினு பேஜார் பண்ற, ஒதுங்கு" என்றார். நானும் சாரி சொல்லி ஒதுங்கித் தொலைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பட்ட பாடு அவற்றுக்குத்தான் தெரியும். அந்த முறைப்பு என் முகத்தில் ஒரு நாளும் வந்துவிடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். என் கொள்கையின் வரலாறு இவ்வளவுதான்.

போன வருஷம் இவருக்கு வேலை போயிற்று. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் இத்தனை வருஷமாக இருந்தவர். ஒரு மத்தியானம் ஓர் அறைக்குக் கூப்பிட்டு, சிரித்த முகமாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வீட்டில் எல்லாமே ஒழுங்காக நடந்தது. அவர் துணி மடித்தார், மோட்டார் போட்டார், மறக்காமல் அணைத்தார். கிண்டல் மட்டும் நின்றுபோனது. நான் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் 'வந்துட்டியா' என்பதோடு சரி. நானே வலியப் போய், இன்றைக்கு ரெண்டு யூ டர்னிலும் டிராஃபிக் என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். அப்படியா என்றார். சம்பளம் வராததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பார்த்து அன்றைக்கென்று அவருடைய பைக் மெக்கானிக்கிடம் படுத்திருந்தது. நான் லீவு போட்டுவிட்டு என் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். மேடவாக்கம் தாண்டி, சோழிங்கநல்லூர் தாண்டி, பின்னால் உட்கார்ந்து பதில்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. முணுமுணுப்பில் அதை விட்டுவிட்டார். திடீரென்று என் தோளைத் தட்டி, தாண்டி வந்துவிட்டோம் என்றார்.

திரும்பிப் பார்த்தால் கட்டடம் தெரிகிறது. மெட்ரோ வேலைக்காக ரோடு நெடுகத் தகரம் அடித்து, யூ டர்னை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தார்கள். முறைப்படி போவதென்றால் அதுவரை போய்த் திரும்பி, மறுபடி ஒரு திருப்பம் கண்டுபிடித்து வர வேண்டும். வந்த வழியே ஓரமாகத் திருப்பிக்கொண்டு போனால் ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. எங்கள் கண்ணெதிரே நாலைந்து வண்டிகள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டடத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். கேட்காமல் உட்கார்ந்திருந்ததுதான் என்னை உருக்கிவிட்டது. என் கொள்கை என்ன பெரிய கொள்கை, ஆட்டோக்காரர் மேல் வந்த கோபத்தில் பிறந்த கொள்கை. அதற்காக இவர் இன்னும் எத்தனை மாதம் துணி மடிப்பது? ஹேண்டில்பாரை ஒடித்தேன். எதிரே வந்த வேன்காரர் ஹாரன் அடித்தார். என்னை அறியாமலே அவரைப் பார்த்து முறைத்தேன்.

"வேணாம், நிறுத்து" என்றார் பின்னாலிருந்து.

நிறுத்தினேன். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீ சுத்திட்டு வா. நான் நடந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில், தகரத்துக்கும் லாரிகளுக்கும் இடையில் வேக வேகமாகப் போனார். காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை பாதி தூரத்திலேயே முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் வண்டியை நேராக்கி, அந்த இரண்டு திருப்பங்களையும் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தபோது அவர் உள்ளே போய்விட்டிருந்தார்.

வேலை கிடைக்கவில்லை. சில நாள் கழித்து, மன்னிக்கவும் என்று மரியாதையாக ஒரு மெயில் வந்தது. நேரத்துக்குத்தான் போனேன் என்று அவர் சொன்னார். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். நான் பாட்டுக்குத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் நீங்கள் வியர்க்காமல், மூச்சு வாங்காமல் போய் உட்கார்ந்திருப்பீர்களே, எதற்காகத் தடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் மோர் ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். அவசரமே படவில்லை.

"வேலை இன்னொண்ணு வரும். நீயும் ராங் சைடுல போக ஆரம்பிச்சிட்டா, அப்புறம் நான் யாரைக் கிண்டல் பண்றது?"

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பதறிப்போய், சும்மா சொன்னேன், சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் என்றார்.

"வாங்காதீங்க" என்றேன்.